ஏழாம் நேர்காணல்

எங்கள் கடையில் மின்விசிறியை வேகமாக வைப்பதில்லை; தாள்கள் பறந்துவிடும். அதனால் கோடையில் மாணவர்கள் உள்ளே நிற்கச் சலித்துக்கொண்டு, வேலையைக் கொடுத்துவிட்டு எதிரே கரும்புச்சாறு வண்டிப் பக்கம் போய்விடுவார்கள். நான் மூலையில் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் விசாரணைக் குழு கல்லூரிக் காவலாளியைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டது, என்னைக் கேட்கவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. உங்கள் சட்டக் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருக்கும் சிவக்குமார் என் அம்மாவின் தம்பி. அங்கே தட்டச்சு செய்வது நான். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

முதுகலை மாணவி மோகனப்பிரியா தன் ஆய்வில் பங்கேற்ற ஒரு பெண்ணின் இருப்பிடத்தை வெளியே கசியவிட்டார், அதனால் அந்தப் பெண் இறந்தார், எனவே அவருடைய பட்டத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அறிவிப்பைப் பிரதி எடுக்க எங்கள் கடைக்குத்தான் அனுப்பினீர்கள். படித்தேன். அதில் உள்ளது தவறு. மோகனா அக்காவின் ஆய்வு முறையில் ஒரு குறையும் இல்லை. அதை நிறுவுவதற்குத்தான் இதை எழுதுகிறேன். வேறு நோக்கம் எனக்கு இல்லை.

ஆய்வு முறை பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் துறையின் பாடக்குறிப்புகள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. அச்சில் கோணிப்போன தாள்களை மாமா எடை போட்டு விற்பார். நான் அதற்கு முன் வேண்டியதை உருவி வீட்டுக்குக் கொண்டுபோவேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், எழுதலாம். முன்பக்கத்தைப் படிப்பேன். தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் மட்டும் வைத்துச் செய்வது ஒரு வகை ஆய்வு. சட்டம் மனிதர்கள் மேல் எப்படி இறங்குகிறது என்று போய்ப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது.

மோகனா அக்கா அந்த இரண்டாவது வகை. ராசிபுரத்தில் பட்டுத்தறி போட்ட குடும்பம், தினமும் பேருந்தில் வந்துபோவார். மற்றவர்கள் மாமாவிடம் அவசரம் அவசரம் என்று நிற்பார்கள்.

“அண்ணா, நாளைக்கு வைவா. இன்னைக்கே பைண்டிங் வேணும்.”

“நாளைக்கு உனக்குக் கல்யாணமே இருந்தாலும் பசை காயற வரைக்கும் பொறுக்கோணும் மாப்ள.”

மோகனா அக்கா மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். கருதுகோள் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“சாயங்காலம் ராசிபுரம் பஸ்ல சீட்டு கெடைக்கும்னு நெனச்சுட்டு இங்கிருந்து கிளம்புறேன் பாரு, அது கருதுகோள். ஸ்டாண்டுல நின்னு பாக்கறது கள ஆய்வு. படியில தொங்கிட்டுப் போறது முடிவுரை.”

இப்படித்தான் சொல்லுவார். நான் சிரித்ததைப் பார்த்து, “அடேங்கப்பா, வாணிக்குப் பல்லெல்லாம் இருக்குது” என்றார். கடையில் என் பெயர் வாணி. பிறகு, “ஏன் படிப்ப நிறுத்திட்டே?” என்று கேட்டார்.

“ஊட்டுல சூழ்நிலைங்க்கா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒருவர் சொல்ல விரும்பாததைத் தோண்டக் கூடாது என்பதும் ஆய்வு நெறிமுறையில் இருக்கிறது. அவர் நெறிமுறைப்படி நடந்தார்.

அவருடைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். வீட்டை மீறி மணந்துகொண்டவர்களுக்குக் காவல்துறை தரும் பாதுகாப்பு, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சட்டமும் நடைமுறையும். ஒளிந்து வாழும் தம்பதிகளைத் தேடிப் போய்ப் பேசினார். ஒவ்வொருவரிடமும் ஆய்வு எதற்கு, என்ன கேட்பேன், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்கினார். அந்தக் கையொப்பத் தாள்களைத் தன் வீட்டில் பூட்டி வைத்தார். ஒலிப்பதிவை என்னிடம் தரவில்லை. தானே கேட்டு, கையால் எழுதி, பெயரையும் ஊரையும் மாற்றி, பதிவை அழித்துவிட்டு, அதன் பிறகுதான் தாள் என் மேசைக்கு வரும். அதில் இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. முதலாம் நபர், இரண்டாம் நபர், அவ்வளவுதான். இதைவிட ஒழுங்காக யார் செய்ய முடியும்.

ஏழாம் நேர்காணல் மாசி மாதத்தில் வந்தது. அதில் இப்படி இருந்தது:

“எங்கப்பாவுக்கு ஒரே லாரிங்க. அவரேதான் ஓட்டுவாரு. வண்டி நெத்தியில என் பேரும் தங்கச்சி பேரும் எழுதியிருக்கும். பாடி கட்டற பட்டறையில பேரு எழுத வந்தவருதான் இவரு. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி எழுதிட்டு, என் பேருக்கு மேல மட்டும் ஒரு மயிலிறகு போட்டாரு. அப்பா அது அழகுக்குன்னு நெனச்சிட்டாரு.”

பெயர்களை எடுத்துவிட்டதால் மயிலிறகு யாருக்கும் எதுவும் சொல்லாது என்று மோகனா அக்கா நினைத்திருக்கிறார். தறி வீட்டில் வளர்ந்தவர். நெய்த சேலை விற்றுப் போய்விடும். யார் நெய்தது என்று அதில் எழுதியிருக்காது. லாரியை வைத்துப் பிழைக்கும் எங்கள் சங்ககிரிப் பக்கம் அப்படியில்லை. பிள்ளைகளின் பெயர்தான் வண்டியின் முகம். தூரத்தில் வரும்போதே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவோம். பெயர் தெரியாவிட்டாலும் பூவையோ கிளியையோ வைத்துச் சொல்லிவிடுவோம். இதை மோகனா அக்காவின் பிழை என்று நீங்கள் எழுதக் கூடாது. எந்த நெறிமுறைப் புத்தகத்திலும் இது இல்லை. நான் பார்த்தேன்.

அந்த மயிலிறகின் கீழ் இருந்த பெயர் சரிதா. பக்கத்தில் இருந்த பெயர் கோகிலா. வீட்டில் என்னைக் கோகிலா என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் அக்கா சரிதா, பெயின்டர் காளிதாஸோடு போன அன்று அப்பா லாரியில் ஏணி போட்டு ஏறி, தகட்டால் அவள் பெயரைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காளிதாஸ் நல்ல வேலைக்காரன், பெயர் லேசில் போகவில்லை. மறுநாள் காலையில் நான் சீருடை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா என் பையை வாங்கி வைத்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தச் சீருடைத் துணி வண்டிக் கண்ணாடி துடைக்கும் துணி ஆயிற்று. பிறகு மாமா கண்ணில் இருக்கட்டும் என்று கடைக்கு அனுப்பினார்கள். ஜாதகமும் எடுத்தார்கள்.

நேர்காணலின் கடைசிக் கேள்வி, உங்கள் திருமணத்தால் குடும்பத்தில் வேறு யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதா என்பது. ஏழாம் நபர் சொன்ன பதில்:

“யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. தங்கச்சியத்தான் நெனச்சுக்குவேன். அவ நல்லாப் படிப்பா. இந்நேரம் காலேஜ் போயிட்டிருப்பா. அவ படிக்கறான்னு நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது.”

தட்டச்சு செய்து முடித்து, பிழை திருத்த மறுபடி படித்தேன். கோபம் வந்தது என்று எழுதுவது எளிது. எனக்கு வரவில்லை. ஒரு தவறான தரவு கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் மோகனா அக்கா ஒரு பட்டியல் போட்டிருந்தார். உடன்பிறந்தவர்களின் கல்வி பாதிக்கப்பட்ட குடும்பங்கள், பாதிக்கப்படாத குடும்பங்கள். ஏழாம் நபரின் குடும்பம் இரண்டாவது பத்தியில் இருந்தது. பாதிப்பு இல்லை. அதைத் தட்டியவள் நான்தான்.

ஆய்வில் தவறான தரவு தெரிந்தும் பேசாமல் இருப்பது நெறி இல்லை. சரிபார்க்க வேண்டும். நானும் அதைத்தான் சொன்னேன்.

“அக்கா, பேட்டி குடுத்தவிய கிட்டயே திரும்பப் படிச்சுக் காட்டோணும்னு நோட்ஸ்ல இருக்குதுங்களே. ஏழாவது ஆளுக்குக் காட்டீட்டீங்களா?”

“மத்தவங்களுக்கெல்லாம் போன்ல படிச்சுட்டேன் வாணி. இவங்க போனே வெச்சுக்கல. நேர்லதான் போகணும். கைடு கைலாசம் சார் வேற இந்த வாரமே தீசிஸ் கேக்கறாரு.”

“அப்ப உடுங்க்கா. சும்மாதான் கேட்டேன்.”

அவர் விடவில்லை. “இல்ல, நீ சொல்றதுதான் சரி. ஒருத்தர மட்டும் விட்டா அது என்ன நேர்மை? ஞாயித்துக்கிழம காலைல புது பஸ் ஸ்டாண்டுல ஏறினா மத்தியானம் திரும்பிடலாம். நீயும் துணைக்கு வர்றியா?”

“எனக்குக் கூச்சமுங்க்கா.”

அன்று நான் போயிருந்தால் சரிதாவைப் பார்த்திருக்கலாம். அதையும் யோசித்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது? அழுவாள். மன்னித்துவிடு என்பாள். பட்டியலில் நான் அதே பத்தியில் இருப்பேன்.

சனிக்கிழமை காலை அப்பா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, நான் திரும்பப் படிக்கோணுங்க.”

“படிச்ச லச்சணத்த ஒருத்தி காட்டீட்டுப் போனாளே, பத்தாதா?”

“அவ எங்கிருக்கறான்னு தெரிஞ்சா என்னப் படிக்க உடுவீங்களா?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரை வீணாக்குகிறவர் இல்லை அவர்.

“எந்த ஊரு?”

“ஊரு தெரியாதுங்க. ஆனா நாளைக்கு ஒருத்தரு அவளப் பாக்கப் போறாங்க. கடைக்கு வர்ற மோகனப்பிரியா அக்கா. புது பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறுவாங்க. மாமாவுக்கு அவிய மொகம் தெரியும்.”

அப்பா குழாயை மூடினார். “நீ என்ன படிக்கோணும் சாமி?”

“சட்டமுங்க.”

லேசாகச் சிரித்தார். “படி. அப்பன் சொன்னாச் சொன்னதுதான்.”

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அப்பா போன் பேச நகர்ந்ததும் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அம்மிணி, பொய்யின்னு சொல்லிப்போடு. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. கொன்னுபோடுவாங்க கண்ணு.”

“கூட்டியாரத்தானுங்கம்மா போறாங்க” என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டார். அதன் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. அம்மா முன்கூட்டியே எச்சரித்தாரே என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். அது ஊகம். ஊகம் சான்று ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் பேருந்தின் பின்னால் போனார். பேருந்து ஆத்தூர் போயிற்று. அங்கிருந்து மோகனா அக்கா ஆட்டோவில் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குப் போனார். மில்லுக்குப் பின்னால் வேலையாட்களுக்கு வரிசை வீடுகள். மாமா உள்ளே போகவில்லை. வெளியே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவது உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதா? இல்லை. பிறகு எப்படி அதை மோகனா அக்காவின் கவனக்குறைவு என்கிறீர்கள்?

திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“வாணி, நீ சொல்லித்தான் போனேன். நல்லவேளை போனேன். எல்லாம் சரியா இருக்குன்னாங்க. ஒரே ஒரு திருத்தம். ‘காலேஜ்’னு இருக்குல்ல, அத ‘சட்டக் காலேஜ்’னு மாத்தச் சொன்னாங்க. அவங்க தங்கச்சிக்கு வக்கீலாகணும்னு சின்ன வயசுலேருந்தே ஆசையாம். அவ பிடிவாதக்காரி, எப்படியும் சேந்திருப்பான்னு சொல்லிச் சிரிக்கறாங்க. மாத்திடு.”

மாற்றினேன்.

அப்போது இன்னும் நேரம் இருந்தது. மோகனா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றை நீட்டினார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அடுத்த பேருந்தில் ஆத்தூருக்கு ஓடியிருப்பார். நான் சொல்லவில்லை. ஆய்வாளர் கள நிகழ்வில் தலையிடக் கூடாது என்று படித்திருக்கிறேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், ஆத்தூர்ப் பக்கம் லோடு இருக்கிறது என்று சொல்லி அப்பா கிளம்பினார். வண்டிக் கண்ணாடியை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். சரிதாவும் காளிதாஸும் வேலை முடிந்து மொபெட்டில் வரும்போது வண்டி மோதியது. சரிதா அங்கேயே இறந்துவிட்டாள். காளிதாஸுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. நொறுங்கிய மொபெட், பின்னால் லாரி. லாரியின் நெற்றியில் கோகிலா என்று தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் தேய்த்த இடம் கொஞ்சம் வெளிறி இருந்தது.

பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னார். காவல்துறை முதலில் அதை நம்பியது. கண் விழித்த காளிதாஸ் அது மாமனாரின் வண்டி என்று சொன்ன பிறகுதான் அப்பாவைச் சிறையில் வைத்தார்கள். தாங்கள் இருந்த இடம் சட்டக் கல்லூரி மேடத்தைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொன்னான். அதிலிருந்துதான் உங்கள் குழு வந்தது. மோகனா அக்கா இப்போது கடைப் பக்கம் வருவதில்லை. ராசிபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடம் வாய் தவறிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறாராம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அவர் எந்த நாளில் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போவார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அவரைப் போகச் சொன்னவள் நான் என்பதால்.

நீங்கள் என்னை இப்போது எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஓடிப்போனவர்களுக்குப் பாதுகாப்பு கேட்க நீதிமன்றம் இருக்கிறது. அவர்கள் வாசலில் நிறுத்தக் காவலர் இருக்கிறார். அவர்களைப் பேட்டி காண முதுகலை மாணவி ஆட்டோ வைத்துப் போகிறார். ஓடாமல் வீட்டில் மிச்சம் இருந்தவளுக்கு எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது? உங்கள் நூலகத்தில் இருக்கும் ஆய்வேடுகளில் பலவற்றை நான்தான் தட்டினேன், பைண்டிங் செய்தேன். அவளைப் பற்றி ஒரு அத்தியாயம் இல்லை. அவளிடம் யாரும் ஒப்புதல் வாங்கவில்லை. அக்கா போகும்போதும் வாங்கவில்லை, அப்பா பையை வாங்கி வைத்தபோதும் வாங்கவில்லை. நான் மட்டும் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறீர்கள்.

இந்தத் தாளை நீங்கள் காவல்துறைக்கு அனுப்பலாம். எடுத்துப் போகிறவருக்கு வசதியாக இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். கூட்டிவரத்தான் போகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். அதையும் திருத்திவிடுகிறேன், அரைகுறையாக விடக் கூடாது. கண்ணாடி துடைத்தபோது வண்டியில் லோடு இல்லை என்பதைப் பார்த்தேன். கயிறும் தார்ப்பாயும்கூட வீட்டிலேயே கிடந்தன. ஒரு பெண்ணைக் கூட்டிவர யாரும் காலி லாரி எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். சனிக்கிழமை அப்பா குழாயை மூடியபோதே எனக்குத் தெரியும்.

மோகனா அக்காவுக்குப் பட்டம் கொடுங்கள். ஏழாம் நேர்காணலை ஆய்வேட்டிலிருந்து நீக்கச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நீக்க வேண்டாம். அப்பா சொன்ன சொல் தவறாதவர். ஜெயிலில் பார்க்கப்போன மாமாவிடம் முதலில் கேட்டது என் படிப்பைப் பற்றித்தான். சூரமங்கலத்தில் ஒரு டுடோரியலில் மாமா சேர்த்துவிட்டிருக்கிறார். காலையில் அங்கே போய்விட்டுத்தான் கடைக்கு வருகிறேன். தனித்தேர்வராக எழுதி முடித்ததும் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பேன், உங்கள் கல்லூரிக்குத்தான்.

ஆகவே ஏழாம் நபரின் கடைசிப் பதிலைப் பிழை என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மறுபடி சரிபார்த்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கை படிக்கிறாள்.